கிரவுண்டை உயர்த்தினோம்

வடசென்னை வியாசர்பாடியில் ஒரு கால்பந்து மைதானத்துக்குக் கேலரி வரைந்தபோது வேலைக்குச் சேர்ந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. வியாசர்பாடியில் கால்பந்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பள்ளிக்கூடம் விட்டதும் செருப்பைக் கோல் போஸ்ட்டாக வைத்துத் தெருவிலேயே ஆட ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நல்ல இடம் அமையப்போகிறது என்று எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

இரண்டு மாதம் கேலரியின் குறுக்குவெட்டுப் படமான செக்‌ஷனிலேயே கிடந்தேன். விளையாட்டரங்க வேலையில் 'சி வேல்யூ' என்று ஒரு கணக்கு உண்டு. பின்வரிசைக்காரர் மைதானத்தின் பக்கக் கோட்டைப் பார்க்கும்போது, அந்தப் பார்வை முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு மேலே எத்தனை சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது என்பதுதான் அது. 12 இருந்தால் அருமை, 9 நல்லது, 6-க்குக் கீழே போனால் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். எல்லாப் படியும் ஒரே உயரம் என்றால் மேலே போகப் போக இது குறைந்துகொண்டே வரும். பெரிய அரங்குகளில் கேலரி மேலே ஏற ஏறச் செங்குத்தாவது இதனால்தான். எங்களுடையது எட்டே வரிசை, ஆனாலும் 9-ஐ விடாமல் பிடித்தேன். சாயங்கால வெயில் கோல்கீப்பர் கண்ணில் அடிக்காதபடி மைதானத்தை வடக்கு தெற்காக வைத்தோம்.

தரை பள்ளமாக இருந்ததால் இரண்டடி கிராவல் கொட்டி உயர்த்துவது என்று முடிவானது. டிராயிங்கில் லெவலை மாற்றினேன். அரை மணி நேர வேலை.

அந்த ஐப்பசியில் ஒரு பெருமழை கொட்டிய மறுநாள் காலை சைட்டுக்குப் போனேன். மைதானம் பளிச்சென்று இருந்தது. காம்பவுண்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் முழங்கால் தண்ணீர். ஒரு வீட்டில் கட்டிலின் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல், கட்டில் மேல் கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, பிள்ளைகளின் புத்தகப் பை. அந்த அக்கா பிளாஸ்டிக் மக்கால் தண்ணீரை வாரி வெளியே ஊற்றிக்கொண்டே கேட்டார்: "கிரவுண்ட நல்லா உசத்திட்டீங்க தம்பி. எங்க வூட்ட யாரு உசத்துவா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை. ஆபீசுக்கு வந்து கணக்குப் போட்டேன். 105-க்கு 68 மீட்டர் மைதானத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் 71,400 லிட்டர். ஒரே இரவில் பத்து சென்டிமீட்டர் பெய்தால் ஏழு லட்சத்துக்கும் மேல். பன்னிரண்டாயிரம் லிட்டர் தண்ணி லாரியில் அறுபது லோடு! முன்பெல்லாம் அந்தப் பள்ளம்தான் இதை வாங்கி வைத்திருந்தது, அந்தத் தெருவுக்கு ஒரு சின்ன ஏரி மாதிரி. நாங்கள் ஏரியைத் தூர்த்திருக்கிறோம். எங்கள் சர்வே டிராயிங் காம்பவுண்டு சுவரோடு முடிந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளைத் தாள்.

சேப்பாக்கத்தில் 2011-ல் புதுக் கேலரிகள் கட்டியபோது, கடற்காற்று உள்ளே வரட்டும் என்று எடை குறைந்த, துணி போன்ற சவ்வுக் கூரை போட்டார்கள். வெளியே இருக்கும் கடலையும் கணக்கில் எடுத்த டிசைன் அது. வடசென்னையில் நாம் கணக்கில் எடுக்க வேண்டியது தண்ணீரை. தரை தட்டை, பக்கிங்ஹாம் கால்வாயும் கேப்டன் காட்டன் கால்வாயும் நிரம்பிவிட்டால் தெருத் தண்ணீர் போக வழியே இல்லை.

அப்புறம் பெரியவர்களிடம் மன்றாடி டிசைனை மாற்றினோம். சுவர் ஓரமாகச் சல்லி நிரப்பிய வாய்க்கால், மழைநீரை நிலத்துக்குள் இறக்க நாலு உறைகிணறு. மழைக்காலத்தில் அங்கே நிலத்தடி நீர் மேலேயே நிற்பதால் அது மட்டும் போதாது. அதனால் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் இருந்த பயிற்சித் திடலை மூன்றடி தாழ்த்தினோம். மழை நாளில் குளம், மற்ற நாளில் பந்து. இதற்காகக் கேலரியில் இரண்டு வரிசை போனது. எனக்கு வருத்தமே இல்லை.

அடுத்த வருஷம் முதல் பெருமழை விட்ட விடியலில் நேரே அந்தத் தெருவுக்குத்தான் போனேன். தாழ்த்திய திடல் நிறையத் தண்ணீர், அதற்குள் நாலைந்து பையன்கள் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். தெருவில் சேறு மட்டும்தான். அக்கா வாசலைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே கட்டில் இன்னும் செங்கல் மேலேயே நின்றது. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டார்.

"இருக்கட்டும் தம்பி. இன்னும் ரெண்டு மழ பாத்துட்டு எடுக்குறேன்."