மெடிக்ளெய்ம் மேசையும் ஓர் அரிய புற்றுநோயும்

தாவரவியலில் பட்டம் பெற்று, பி.எட். முடித்து, கும்பகோணத்துப் பக்கம் ஏதாவதொரு பள்ளியில் ஆசிரியையாகிவிட வேண்டும் என்பதற்கு மேல் கல்லூரி நாட்களில் எனக்கு வேறு எண்ணம் இருந்ததில்லை. திருமணமாகிச் சென்னைக்கு வந்த ஆண்டில் பி.எட். சேர்க்கை முடிந்துவிட்டிருந்ததால், அடுத்த சேர்க்கை வரும்வரை கையில் நாலு காசு இருக்கட்டுமே என்று ஒரு தனியார் நிறுவனத்தின் மனிதவளத் துறையில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்தேன். விடுப்புப் பதிவேடு, வருங்கால வைப்பு நிதி, பணிக்கொடை என்று ஒவ்வொரு வேலையாக என் கைக்கு வந்து, கடைசியில் யாரும் விரும்பி ஏற்காத மெடிக்ளெய்ம் மேசையும் வந்து சேர்ந்தது. ஓய்வு பெறும்வரை அதே நிறுவனத்தில் இருந்தேன், பி.எட். படிக்கவேயில்லை.

அந்த மேசையை எல்லோரும் தவிர்த்ததற்குக் காரணம் இருந்தது. ஊழியர்களின் குடும்பங்களுக்கு நிறுவனம் எடுத்திருந்த குரூப் பாலிசியில் எது உண்டு, எது இல்லை என்பதை, மருத்துவமனை பில்லிங் கவுன்டரில் நின்றுகொண்டு தொலைபேசியில் பதறுகிறவரிடம் சொல்லும் பொறுப்பு அங்கே இருப்பவருடையது. பாலிசி ஆவணத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசி அட்டவணை வரை படிப்பதை நான் அப்போதுதான் பழகிக்கொண்டேன். காப்பீட்டு நிறுவனத்துக்காக க்ளெய்ம்களைப் பரிசீலிக்கும் இடைநிலை அமைப்பான டி.பி.ஏ. நிராகரித்த க்ளெய்முக்கு எந்த விதி எண்ணைக் காட்டி மறுபரிசீலனை கேட்பது, டிஸ்சார்ஜ் சம்மரியில் மருத்துவர் எழுதாமல் விட்ட ஒரு வரியை எப்படிக் கேட்டு வாங்குவது, தனிநபர் காப்பீட்டுத் தொகை தீர்ந்துபோனவருக்கு 'கார்ப்பரேட் பஃபர்' என்ற பொதுத் தொகுப்பிலிருந்து பணம் தர நிர்வாகத்திடம் எப்படிக் குறிப்பு எழுதுவது என்பவையெல்லாம் அந்த மேசை கற்றுத்தந்தவை. பேச்சில் எவ்வளவு நியாயம் இருந்தாலும், அது தாளில் ஏறி, தேதியும் கையொப்பமும் பெற்ற பின்புதான் பணமாகிறது என்பதை அங்கே அன்றாடம் பார்த்தேன்.

2011-ஆம் ஆண்டு ரத்தசோகைக்காகப் பரிசோதனை செய்துகொண்டபோது என் இரைப்பையில் ஒரு கட்டி இருப்பது எண்டோஸ்கோப்பியில் தெரிந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. முதலில் வந்த திசு அறிக்கை அதைச் சாதாரணத் தசைக்கட்டி என்றது. வேறொரு மருத்துவர் சந்தேகப்பட்டு அதே திசுவை மறுபடி சோதிக்கச் சொன்னபோது, சி.டி.117 என்ற அடையாளப் புரதம் தெளிவாகத் தெரிந்தது. அது தசைக்கட்டி அல்ல, புற்றுநோய் என்று உறுதியானது. ஜிஸ்ட் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் புற்றுநோய் இரைப்பை, குடல் ஆகியவற்றின் சுவரில், குடலசைவுக்குத் தாளம் கொடுக்கும் செல்களோடு தொடர்புடையதாக உருவாகிறது. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்கு வரக்கூடியது என்பதால், தம் பணிக்காலம் முழுவதும் விரல்விட்டு எண்ணக்கூடிய நோயாளிகளையே பார்த்திருக்கும் மருத்துவர்கள் பலர் உண்டு. பெயர் தவறாக எழுதப்பட்டால் மருந்தும் தவறிவிடும் என்பதுதான் இந்த நோயில் என்னை மிகவும் அச்சுறுத்திய விஷயம்.

நான் நோயுற்ற காலம் ஒருவகையில் நல்ல காலம். வழக்கமான கீமோதெரபிக்கு இந்தக் கட்டி அநேகமாக அசையவே அசையாது. 1998-இல் ஜப்பானின் ஒசாகாவைச் சேர்ந்த ஹிரோட்டாவும் சக ஆய்வாளர்களும் கிட் என்னும் மரபணுவில் ஏற்படும் பிழைதான் இந்த நோயைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். 2000 மார்ச்சில் ஃபின்லாந்தின் ஹெல்சின்கியில் மருத்துவர் ஹெய்க்கி யோவென்சூ, ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்டிருந்த இமாட்டினிப் மாத்திரையை, வேறு வழி ஏதுமற்ற நிலையில் இருந்த ஒரு பெண்மணிக்குக் கொடுத்தார். சில வாரங்களிலேயே கட்டிகள் சுருங்கின. உலகத்தில் இந்த நோய்க்காக அந்த மாத்திரையை முதலில் விழுங்கியவர் அவர்தான். 2002 பிப்ரவரியில் அமெரிக்கா இந்த நோய்க்கும் அம்மருந்தை அனுமதித்தது. காலை உணவோடு ஒரு பெரிய தம்ளர் தண்ணீர் வைத்து அந்த மாத்திரையை விழுங்கும்போதெல்லாம் பெயர் தெரியாத அந்தப் பெண்மணியை நினைத்துக்கொள்வேன். கண்ணைச் சுற்றி வீங்கும், இரவில் கெண்டைக்கால் சுளுக்கிப் பிடிக்கும். ஆனாலும் ஒன்பதரை மணிக்கு அலுவலகத்தில் இருக்க முடிந்தது.

மருந்து இருந்ததோடு, அது கைக்கெட்டும் விலையிலும் இருந்ததற்கு ஒரு வழக்கு காரணம், அதில் சென்னைக்கும் பங்குண்டு. இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் என்ற மருந்து நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. அடுத்த ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவையே எதிர்த்து அந்த நிறுவனம் தொடுத்த வழக்கும் தோற்றது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் இறுதியாக அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மாதத்துக்கு ஏறக்குறைய 1,20,000 ரூபாய் விலையிருந்த அந்த மருந்தின் இந்தியத் தயாரிப்புகள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைத்தன. எதிர்த்து நின்றவர்களில் மும்பையின் கேன்சர் பேஷன்ட்ஸ் எய்ட் அசோசியேஷன் என்ற நோயாளிகளுக்கான அமைப்பும் ஒன்று. மறுபுறம், அதே நிறுவனம் மேக்ஸ் ஃபவுண்டேஷன் என்ற தொண்டு அமைப்பின் வழியாக ஆயிரக்கணக்கான இந்திய நோயாளிகளுக்கு இலவசமாகவும் மருந்து கொடுத்துவந்தது. இரண்டும் உண்மை. இலவசம் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம், தீர்ப்பு அப்படி நிற்காது என்பதால் நான் தீர்ப்பின் பக்கம்தான் பேசுவேன்.

மாதம் 8,000 ரூபாய் என்பதும் எல்லோருக்கும் எளிதாக இருக்கவில்லை. எனக்கே க்ளெய்ம் நிராகரிக்கப்பட்டது. அப்போது 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் காப்பீடு. வீட்டில் உட்கார்ந்து விழுங்கும் மாத்திரைக்கு இல்லை. அந்த விதியை எத்தனையோ ஊழியர்களுக்கு நானே படித்துக் காட்டியிருக்கிறேன். குரூப் பாலிசியில் ஒரு வசதி உண்டு: ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது, கூடுதல் பிரீமியம் கொடுத்து விதிகளை மாற்றிக் கேட்கலாம். முந்தைய ஆண்டுகளின் க்ளெய்ம் விகிதத்தையும், வாய்வழிப் புற்றுநோய் மருந்து எத்தனை பேருக்குத் தேவைப்படக்கூடும் என்ற மதிப்பீட்டையும் சேர்த்து நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினேன். என் நோயை அதில் குறிப்பிடவில்லை. எனக்காகக் கேட்டேன் என்று வந்துவிட்டால், எனக்குப் பின் வருகிறவருக்கு அது சலுகையாகத்தான் எஞ்சும், உரிமையாக நிற்காது என்று நினைத்தேன். நிதித் துறையோடு நீண்ட வாதத்துக்குப் பின் அந்த விதி சேர்க்கப்பட்டது.

அதற்குப் பிறகுதான் நான் இருந்த ஜிஸ்ட் நோயாளிகள் குழுவில் என்னிடம் கேள்விகள் வரத் தொடங்கின. மருத்துவம் தெரிந்தவர்கள் குழுவில் இருந்தார்கள். காகிதம் தெரிந்தவர் யாரும் இல்லை. விழுப்புரத்திலிருந்து வேன் ஓட்டுநர் ஒருவர், மனைவிக்காக அழைத்தார். "அக்கா, படுத்தாத்தான் காசு தருவாங்களாம். மாத்திரை போடுறதுக்கு எதுக்கு அக்கா படுக்கணும்?" என்று அவர் கேட்டபோது, நிராகரிப்புக் கடிதத்தை அனுப்பச் சொன்னேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், விலக்கக்கூடாத நவீன சிகிச்சைகளின் பட்டியலில் வாய்வழிக் கீமோதெரபி இருந்தது. பழைய பாலிசிகளுக்கும் 2020 அக்டோபர் முதல் அது பொருந்தியது. இமாட்டினிப் கீமோதெரபியே அல்ல, வேறு வகை மருந்து என்று அந்தக் காப்பீட்டு நிறுவனம் அடுத்துச் சொன்னது. சிகிச்சை தரும் மருத்துவரிடம், இது புற்றுநோய்க்கு எதிராக வாய்வழியே தரப்படும் மருந்துச் சிகிச்சை என்று ஒரு பத்தி எழுதி வாங்கி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்பி, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போவோம் என்பதையும் மரியாதையாகவே குறிப்பிட்டோம். பணம் வந்தது.

பாரஃபின் பிளாக் இன்னொரு போராட்டம். அறுவையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, சிறிய பிளாஸ்டிக் சட்டத்தில் எண் குறித்து மருத்துவமனை வைத்திருக்கும். கிட் மரபணுவில் பிழை 11-ஆம் எக்ஸானில், அதாவது மரபணுவின் 11-ஆம் பகுதியில், இருந்தால் வழக்கமான 400 மில்லிகிராம் போதும். 9-ஆம் எக்ஸானில் இருந்தால் நோய் பரவியவர்களுக்கு இரட்டிப்பு அளவைப் பரிசீலிக்கிறார்கள். பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. என்னும் இன்னொரு மரபணுவில் டி842வி என்ற மாற்றம் இருந்தால் இமாட்டினிப் பெரும்பாலும் பலிக்காது. இதைச் சொல்லக்கூடியது அந்த மெழுகுத் துண்டுதான். அதைக் கேட்டு வாங்கலாம் என்பதே பல குடும்பங்களுக்குத் தெரியாது. எழுத்துப்பூர்வமாகக் கேட்பது, வாங்கியதற்குக் கையொப்பமிடுவது, சித்திரை வெயிலில் கூரியரில் போகும்போது உருகாதிருக்க ஐஸ் பை வைத்துக் கட்டுவது என்று குழுவில் இப்போது ஒரு பக்கத்தில் குறிப்பே எழுதி வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. 2021-இல் வெளியான அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை பெரிதும் பிறவி மரபணுக் கோளாறுகளை முன்வைத்து எழுதப்பட்டது. ஜிஸ்ட் அதன் பட்டியலில் இல்லை. புற்றுநோய்த் திட்டங்களோ மார்பகம், கருப்பை வாய், வாய் என்று பெரிய எண்ணிக்கைகளைப் பார்க்கின்றன. அவை பார்க்க வேண்டியதும் அதைத்தான். நடுவில் விடுபட்டவர்களுக்காக, மரபணுப் பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறோம்.

மனிதவளத் துறையில் இருக்கும் தங்கைகளுக்கும் தம்பிகளுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு பாலிசி புதுப்பிக்க வரும்போது வாய்வழிக் கீமோதெரபிக்கு உள்வரம்பு எவ்வளவு என்று பாருங்கள். பல பாலிசிகளில் மொத்தத் தொகையில் ஒரு சிறு பங்கோடு அது நின்றுவிடுகிறது. அந்த வரம்பை உயர்த்த ஆகும் கூடுதல் பிரீமியத்தைப் புரோக்கரிடம் எழுத்தில் கேட்டு வாங்கி, அதை நிதித் துறையின் மேசையில் வையுங்கள்.