பத்து நாள் வாளியில் கிடந்த பலகைத் துண்டுகள்

என் பழைய டிரெய்லரின் அழுகிய தரையை எந்தப் பலகையால் மாற்றுவது என்று பார்க்கத் தண்ணீர் வாளியில் ஊறப்போட்டு, சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை எடுத்த நான்கு துண்டுகளில் ஓ.எஸ்.பி. (மரச்சீவல்களைப் பசையிட்டு அழுத்திய பலகை) துண்டு மட்டும், விளிம்பில் விரலை ஓட்டினாலே தெரியும்படி உப்பியிருந்தது. வாளியில் இடும்போது 18.2 மில்லிமீட்டராக இருந்த விளிம்பு அன்று 20.9. தள்ளுபடியைக் கண்டு மயங்கி, அதே சரக்கில் நான்கு முழுப் பலகைகளை ஏற்கெனவே வாங்கிக் காரேஜில் அடுக்கிவிட்டேன் என்பதால், இந்தக் குறிப்பு கொஞ்சம் புலம்பலுடன்தான் தொடங்குகிறது.

வண்டி 1968-ஆம் ஆண்டின் 17 அடி அலுமினிய டிரெய்லர். ஓஹாயோவின் பனியிலும் மழையிலும் பல ஆண்டுகள் நின்றதில், பின்பக்கச் சன்னலுக்குக் கீழேயும் கதவோரத்திலும் பழைய தரையைக் கரண்டியால் வழித்தெடுக்கலாம் என்ற நிலை. இந்த வகை வண்டியில் தரைப்பலகை நடப்பதற்கு மட்டும் உள்ளதன்று; கீழே இரும்புச் சட்டகத்துக்கும் மேலே கூட்டின் (சுவரும் கூரையும் சேர்ந்த உடலின்) அடியிலுள்ள யு வடிவ அலுமினியச் சேனலுக்கும் நடுவே சிக்கியிருக்கும் அதன் ஓரம்தான் கூட்டின் பாரத்தைச் சட்டகத்திடம் சேர்க்கிறது. பலகையின் தடிமன் மாறினால் வெளித்தகட்டின் ரிவெட் துளைகள் நேர் நிற்பதில்லை. கெடாத ஒரு மூலையில் அளந்தபோது பழைய பலகை 16 மி.மீ., அதாவது 5/8 அங்குலம் இருந்தது. மரக்கடையில் இன்று அந்தப் பெயரில் விற்பது உண்மையில் 19/32 அங்குலம், ஏறத்தாழ 15.1 மி.மீ. இடைப்பட்ட அந்தச் சிறு குறையைச் சட்டகத்தின்மேல் ஒட்டும் பியூட்டைல் என்னும் ரப்பர் நாடா நிரப்பிவிடும் என்று கணக்கிட்டிருக்கிறேன். 18 மி.மீ. ஓ.எஸ்.பி.யை அந்த இடுக்கில் நுழைக்கவே முடியாது என்பதை வாங்கிய பிறகு அளந்து பார்த்தது என் இரண்டாவது மடமை.

மருந்தேற்றிய பிளைவுட்டைப் பரிந்துரைத்த நண்பர்கள் உண்டு. அழுகாது என்பது உண்மையே. ஆனால் அதிலுள்ள செம்பு உப்புகள் ஈரத்தில் அலுமினியத்தை அரிக்கும் என்பதால், தரையைக் காக்கப்போய் கூட்டையே இழக்க நேரும். பாலியூரித்தேன் நுரையில் கண்ணாடியிழை சேர்த்த படகுப் பலகை என்னை மிகவும் சபலப்படுத்தியது: பலகைக்குப் பத்துக் கிலோ குறைவு, அழுகல் என்ற பேச்சே இல்லை. விலையும் திருகாணியைப் பிளைவுட் அளவுக்குப் பிடிக்காத அதன் குணமும் கையைக் கட்டிவிட்டன. படகுக்கென விற்கும் மரைன் பிளைவுட்டைப் பற்றி, அது அழுகவே அழுகாது என்று ஒரு மூடநம்பிக்கை உலவுகிறது. அதன் பசை நீரைத் தாங்கும், உள்ளடுக்குகளில் பொந்து இருக்காது, அவ்வளவே. மரம் மரம்தான், மருந்தேற்றாத வரை அதுவும் அழுகும். வாளியில் அது 15.0-இலிருந்து 15.9-க்கும், பாதி விலையுள்ள வெளிப்புறத் தர டக்ளஸ் ஃபர் (ஓர் ஊசியிலை மரம்) பிளைவுட் 15.1-இலிருந்து 16.0-க்கும் வீங்கின. எபாக்சி என்னும் இறுகும் பிசினால் விளிம்பை அடைத்த நான்காவது துண்டு, அதுவும் ஃபர்தான், 15.2-இல் நின்றது. ஆகவே ஃபரை எடுத்தேன். மிச்சமாகும் பணம் எபாக்சிக்கு.

விளிம்புப் பூச்சில்தான் இரண்டு வாரம் போனது. குறுக்கு நார் முதல் பூச்சைத் தண்ணீர்போல் குடித்துவிடுவதால், நீர்த்த எபாக்சியை அரை மணிக்கு ஒருமுறை, நார் மேலும் குடிக்க மறுக்கும்வரை தடவ வேண்டியிருக்கிறது. நவம்பர் குளிரில் காரேஜ் எட்டு டிகிரிக்கு இறங்கியபோது முதல் பலகை மூன்று நாளாகியும் பிசுபிசுப்பு நீங்காமல் கிடந்தது. மேலே மெழுகுபோல் படிந்ததை வெந்நீரும் துணியும் கொண்டு துடைத்து, தேய்த்து, மறுபடி பூசினேன். இப்போது பலகைகள் வீட்டு வரவேற்பறையில் காய்கின்றன; மனைவி அவற்றைப் பற்றி எதுவும் சொல்லாமலிருப்பதே ஒரு கருத்து.

போல்ட் துளைகளை விட்டால் விளிம்பை அடைத்ததில் பயனில்லை, ஏனெனில் ஒவ்வொரு துளையும் உள்ளே ஒரு புது விளிம்பு. 12 மி.மீ. துளையிட்டு, அடியில் நாடா ஒட்டி, சிலிக்கா கலந்து கெட்டியாக்கிய எபாக்சியை நிரப்பி, இறுகிய பின் நடுவில் 6.5 மி.மீ. துளைக்கிறேன். இதனால் அகன்ற தலை கொண்ட கால் அங்குல எலிவேட்டர் போல்ட்டின் தண்டு மரத்தைத் தொடுவதேயில்லை. மொத்தம் 46 துளைகள், 19 முடிந்துள்ளன.

ஈரி ஏரிக்கரையில் படகுப் பொருள் விற்கும் கடை ஒன்றில் கேட்டால் மீதித் துண்டுகளை இலவசமாகத் தருகிறார்கள். சோதனைக்கு இருவகைப் பிளைவுட்டும் அங்கிருந்தே வந்தன. அடித்தகட்டுக்கும் தரைக்கும் நடுவே வெப்பத்தைத் தடுக்கும் எக்ஸ்.பி.எஸ். (பாலிஸ்டைரீன்) நுரைப்பலகை வைப்பதா, காற்றோட்டத்துக்குக் காலியாக விடுவதா என்பதை இப்போதே யோசிக்கத் தொடங்கிவிட்டேன், சக்கர மேடையைச் சுற்றிய பலகையை இன்னும் அறுக்கவேயில்லை என்றாலும். ஓ.எஸ்.பி. நான்கும் காரேஜ் பரணுக்குப் போகின்றன.