கோடு தேடிய நாட்கள்

ஜூன் 12, 2025, வியாழன்

மேட்டூரைத் திறந்துவிட்டார்கள். டிவியில் மதகு வழியாகத் தண்ணீர் பாய்வதைப் பார்த்ததும் அம்மா கையைக் கூப்பினார். கல்லணைக்கு வந்து, அங்கே பிரிந்து, எங்கள் கும்பகோணத்தைத் தொட இன்னும் சில நாள் ஆகும்.

எனக்கும் இன்று ஒன்று வந்து சேர்ந்தது. குழந்தைகள் புத்தகம் ஒன்றுக்காக ஒரு பதிப்பகத்துக்கு மூன்று மாதிரிப் படங்கள் அனுப்பியிருந்தேன். நடவு பற்றிய பதினாறு பக்கக் கதை. பதில் வந்தது: "படம் சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதே மாதிரி இன்னும் நான்கு பேர் அனுப்பியிருக்கிறார்கள். பெயரைப் பார்த்துத்தான் எது உங்களுடையது என்று கண்டுபிடித்தோம். ஆகஸ்ட் 4க்குள் வேறு மூன்று படம் தர முடியுமா?"

கோபம் வரவில்லை. படித்த உடனேயே அது உண்மை என்று தெரிந்துவிட்டது. இரவு உட்கார்ந்து ஆறு வருடப் படங்களையும் சின்னச் சின்னதாக்கி ஒரே திரையில் அடுக்கிப் பார்த்தேன். 2020ல் நிழலே இல்லாத தட்டை வண்ணம். அடுத்த வருடம் எல்லாவற்றிலும் வாட்டர்கலர் சொரசொரப்பு. அதற்கப்புறம் பெரிய கண், சின்ன வாய், கன்னத்தில் ரோஸ் வட்டம். எந்த வருடம் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று படத்தை வைத்தே சொல்லிவிடலாம். அடுத்தவரைப் பார்த்துக் கற்பது தப்பில்லை, எல்லோரும் அப்படித்தான் கற்கிறோம். ஆனால் அந்தப் படங்களில் ஒன்றில்கூட எங்கள் தெரு இல்லை, எங்கள் வயல் இல்லை. நடவு செய்கிற பெண்களை வரைந்திருக்கிறேன், அவர்கள் காலில் சேறே இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

நான் வரைகிற டேப்லெட்டில் 400க்கு மேல் டிஜிட்டல் பிரஷ் இருந்தது. இலவசமாக வந்தது, காசு கொடுத்து வாங்கியது, யாரோ ஒரு ஓவியர் பயன்படுத்துகிறார் என்று தேடி எடுத்தது. நான்கை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன்.

அடுத்தது ஸ்ட்ரீம்லைன். ப்ரோக்ரியேட் என்ற வரையும் செயலியில் அந்தப் பெயர், கிரிட்டா என்ற இன்னொன்றில் ஸ்டெபிலைசர். கையின் நடுக்கத்தை எடுத்துவிட்டுக் கோட்டை வழுவழுப்பாக்கித் தரும். நான் 80 சதவீதத்திலேயே வைத்துப் பழகியவள். அதே அளவில் யார் ஒரு வளைவை இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே வளைவுதான் வரும். இன்று அதைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். கோடு தடுமாறியது. ஒரு மணி நேரம் வெறும் கோடாகவே போட்டுக்கொண்டிருந்தேன். பூவரச இலை, தவலை, சைக்கிள் சக்கரம்.

அப்பா பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருடம் போர்டு எழுதியவர். கடைப் பெயர், உரக்கடைச் சுவர் விளம்பரம், டிராக்டர் டிரெய்லர் பின்னால் எழுதும் பெயர், எல்லாம். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்த வேலை போயிற்று. சாக்பீஸ் தூள் தடவிய நூலைச் சுவரில் இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து நடுவில் ஒரு சுண்டு சுண்டுவார். நேர்கோடு விழுந்துவிடும். அதன் மேல் பட்டை பிரஷ்ஷில் எனாமல். எழுத்து முடிகிற இடத்தில் பிரஷ்ஷைத் தூக்க மாட்டார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அதை லேசாக உருட்டுவார், பட்டையாக வந்த கோடு ஒரு முனையாகச் சுருங்கி நிற்கும்.

"இப்பத்தான் உன் கை தெரியுது" என்றார். வேறு எதுவும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 22, ஞாயிறு

சுவாமிமலை போனேன். வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான், ஆனால் கோயிலுக்குப் போயிருக்கிறேனே தவிர, உலோகச் சிலை வார்க்கும் பட்டறைக்குள் உட்கார்ந்ததில்லை. தெரிந்தவர் மூலமாக ஒரு ஸ்தபதி ஐயாவிடம் கேட்டிருந்தேன்.

நான் போன நேரம் மெழுகு வேலை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருக்கி, அது இளகி இருக்கும்போதே கையால் உருவம் பிடிக்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்து, சூடாக்கி மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். இதெல்லாம் படித்துத் தெரிந்ததுதான். என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு தென்னை ஓலை நறுக்கு.

அதற்கு ஒடியோலை என்று பெயர். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கிக்கொள்கிறார். அளவுகோலே இல்லை, மடிப்புதான். மடித்து, பிரித்து, மறுபடி மடித்து, நகத்தால் அழுத்தி அடையாளம் வைக்கிறார். முகம் இவ்வளவு, கழுத்திலிருந்து மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு. உத்தம தசதாலம் என்ற சிலை அளவு முறையில் மொத்த உயரம் 124 பங்கு. ஒரு சாண் சிலையோ ஆள் உயரச் சிலையோ, பங்கு மாறாது, ஓலையின் நீளம்தான் மாறும்.

"ஐயா, எல்லாரும் ஒரே அளவுல செஞ்சா எல்லாச் சிலையும் ஒரே மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டேன்.

"எங்கம்மா ஆவுது? அளவு ஒண்ணுதான், கை வேற இல்ல? எங்கப்பா செஞ்சதை மேலுதட்டைப் பார்த்தே சொல்லிடுவேன். அவரு அங்க கொஞ்சம் நிதானிப்பாரு."

திரும்பி வரும்போது பஸ்ஸில் இதே நினைப்பு. நான் எல்லாவற்றையும் திறந்து வைத்திருந்தேன். லட்சக்கணக்கான வண்ணம், நூற்றுக்கணக்கான பிரஷ், போட்ட கோட்டை எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துவிடும் அண்டு. அவர்களோ முகம், கழுத்து, முழங்கால் எல்லாவற்றையும் அளவில் கட்டிவிடுகிறார்கள். கட்டிவிட்டதால் மீதி இருக்கிற அந்த உதட்டு ஓரத்தில் ஆள் தெரிந்துவிடுகிறார்.

வீட்டுக்கு வந்து என் படங்களில் மனிதர்களை அளந்தேன். எல்லாரும் தலையைப் போல ஏழரை மடங்கு உயரம். ஏதோ ஒரு டுடோரியலில் கேட்ட கணக்கு. நின்றுகொண்டிருக்கிற ஆளுக்கு அது சரி. நடவு செய்கிறவர் நிற்பதே இல்லையே. இடுப்பில் உடம்பு இரண்டாக மடிந்துவிடுகிறது, முதுகும் கையும்தான் மொத்த ஆள். எனக்கு வேறு ஓலை வேண்டும்.

ஜூலை 3, வியாழன்

ஜவுளிக்கடை ஒன்றுக்கு ஆடித் தள்ளுபடி போஸ்டர். ஒரு நாளில் முடித்துக் கொடுத்தேன். மின்சாரம் இரண்டு முறை போனது. வேறு ஒன்றும் வரையவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

பாபநாசம் பக்கம் சித்தப்பா வீடு. குறுவை நடவு. இந்தப் பக்கம் பாதி வயலில் இப்போது நடவு இயந்திரம் வந்துவிட்டது, சித்தப்பா வயலில் இன்னும் ஆள் நடவு. ஏழு பெண்கள்.

காலையிலேயே நாற்றங்கால் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். நாற்றின் பச்சையை இத்தனை வருடமாகத் தப்பாகவே போட்டு வந்திருக்கிறேன். போட்டோ எடுத்து, அதில் நிறத்தை எடுத்துத் தரும் கலர் பிக்கரை வைத்துத் தொட்டால் மங்கிய சாம்பல் பச்சைதான் வரும். கேமரா வெளிச்சத்தைச் சராசரியாக்கிவிடுகிறது. கண்ணுக்குத் தெரிவது அப்படி இல்லை. நுனியில் மஞ்சள் ஓடுகிறது, நடுவில் பச்சை, அடியில் தண்டு வெளுத்து வெள்ளையாகிறது. வெயில் எதிரே இருந்தால் இலை வழியாக வெளிச்சம் ஊடுருவி மொத்தப் பாத்தியும் உள்ளிருந்து எரிகிற மாதிரி இருக்கிறது. மேகம் வந்தால் நொடியில் அணைந்துவிடுகிறது. பக்கத்து வயலில் பத்து நாள் முன்னால் நட்டது வேர் பிடித்துக் கருத்துவிட்டது. ஒரே பார்வையில் நான்கு பச்சை. போட்டோ எடுக்காமல் பார்த்துப் பார்த்துத் திரையில் கலந்தேன். வெயிலில் திரையே சரியாகத் தெரியாததால் துண்டைத் தலையோடு சேர்த்து டேப்லெட் மேல் போட்டுக்கொண்டேன்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. திரை வெளிச்சத்தால் ஆனது, அச்சு மையால் ஆனது. திரையில் பளிச்சென்று எரியும் பச்சையை நான்கு மை அச்சு அப்படியே தராது, மங்கித்தான் விழும். அதனால் அந்த எரிகிற பச்சையையே நம்பியிருக்க முடியாது. பக்கத்தில் என்ன வண்ணம் வைத்தால் அது எரிகிற மாதிரி தெரியும் என்று பார்க்க வேண்டும்.

பதில் எதிரிலேயே இருந்தது. நடவு ஆட்கள் எல்லாரும் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருந்தார்கள். வீட்டுக்காரரின் பழைய சட்டை, மகனின் கட்டம் போட்ட சட்டை. துவைத்துத் துவைத்து வெளிறிப்போன ரோஸ், வெளிறிய நீலம், காக்கி. அந்த வெளுப்புக்குப் பக்கத்தில்தான் நாற்று அப்படி எரிகிறது. தலையில் துண்டு, இடது கையில் நாற்று முடி, வலது கை போய்ப் போய் வருகிறது. முகம் தெரியவே இல்லை. ஒருவர் மட்டும் நிமிர்ந்து, சேற்றுக் கையைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு முழங்கையால் நெற்றியைத் துடைத்தார்.

"ஏம்மா, முதுகையா வரையிற? மொகத்தை வரைய மாட்டியா?" என்று கேட்டார். நிமிரும்போது வரைகிறேன் அக்கா என்றேன். "அப்ப சாயங்காலந்தான்" என்றார்.

ஜூலை 13, ஞாயிறு

திருவாரூர். தியாகராஜர் கோயில் தேவாசிரிய மண்டபத்து விதானத்து ஓவியங்கள். கழுத்து இன்னும் வலிக்கிறது.

முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை. இந்திரனிடமிருந்து தியாகராஜரைப் பூமிக்குக் கொண்டுவந்தவர். இந்திரன் ஒரே மாதிரி ஏழு திருமேனிகளைக் காட்ட, உண்மையானதைச் சரியாக அடையாளம் கண்டவர். அவருக்குக் குரங்கு முகம். விதானத்தில் பட்டை பட்டையாகக் கதை ஓடுகிறது, கீழே தமிழில் இன்னது நடக்கிறது என்று எழுதியிருக்கிறது. அதே ராஜா கொஞ்ச தூரத்தில் மறுபடி வருகிறார், மறுபடி வருகிறார். ஒரு நீள ஸ்க்ரோல் மாதிரிக் கண் தானாக நகர்கிறது. வரைந்த சிங்காதனம் தன் பெயரையும் அங்கே விட்டுப் போயிருக்கிறார். அதைப் படித்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நான் பார்க்கப் போனது ஒன்று, பார்த்தது ஒன்று. இரண்டு பக்கக் காட்சியில் நடவை எப்படி அடைப்பது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஏழு பெண்கள் வேண்டியதில்லை. ஒரே பெண்ணை ஏழு தடவை வரையலாம். வரப்பில் இறங்குகிறாள், குனிகிறாள், நடுகிறாள், பின்னால் அடி எடுத்து வைக்கிறாள், நிமிர்கிறாள். சட்டையின் கட்டத்தை வைத்து அவள்தான் என்று குழந்தை கண்டுபிடித்துவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

ஆடி பிறந்து நான்கு நாள். ஒரு வாரமாக நேரம் வைத்து வரைகிறேன். தஞ்சைப் பெரிய கோயிலில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். அந்தச் சோழர் ஓவியம் ஈரச் சுண்ணாம்பின் மேல் வரைந்தது. காய்வதற்குள் கோடு முடிந்தாக வேண்டும். அதை நினைத்துக்கொண்டு ஒரு உருவத்துக்கு இருபது நிமிடம், ஒரே லேயர் (அடுக்கு), அண்டு கிடையாது என்று எனக்கே விதி போட்டுக்கொண்டேன். முதல் மூன்று நாள் படங்கள் மோசம். நான்காம் நாளிலிருந்து, போடுவதற்கு முன்னால் பார்க்க ஆரம்பித்தேன்.

என் ஓலையும் கிடைத்துவிட்டது. ஆள் ஐந்து தலை உயரம். கை மட்டும் நீளம், நின்றால் முழங்காலுக்குக் கீழே வரும். நின்றால் விநோதமாக இருக்கும், குனிந்தால் சரியாக இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

அத்தை மகன் வந்திருந்தான். மார்ச்சில் ஊரெல்லாம் போட்டோவை ஏஐயில் போட்டு, ஜப்பானிய அனிமேஷன் நிறுவனமான ஸ்டுடியோ கிப்லியின் படம் மாதிரி மாற்றிக்கொண்டிருந்தபோது தன் கல்யாணப் படத்தையும் மாற்றியவன். "அக்கா, பத்து செகண்டுல வர்றதுக்கு நீ ஏன் வெயில்ல போய் உட்கார்ற?" என்றான். அன்பாகத்தான் கேட்டான். அந்தச் சட்டைகளைக் காட்டினேன். இதை நான் போய் உட்காராமல் யாரும் எனக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன், "இது எங்கம்மா சட்டை மாதிரியே இருக்கு" என்றான்.

பாணி கையில் இருக்கிறதா கண்ணில் இருக்கிறதா என்பது எனக்கு இன்னும் ஓயாத கேள்வி. பத்திரிகை ஓவியர் கோபுலு தஞ்சாவூரில் பிறந்தவர், எங்கள் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர். பக்கவாதத்தில் வலது கை செயல் இழந்தபோது இடது கையால் பழகி மறுபடி வரைந்தார். கையே மாறிய பிறகும் ஒருவர் வரைய முடிகிறது என்றால் கையை மட்டும் சொல்வது எப்படி? இன்று நானும் இடது கையில் ஸ்டைலஸ் பிடித்து அந்த நடவுப் பெண்ணை வரைந்தேன். கோடு உடைந்து உடைந்து வந்தது. ஆனால் முதுகு வளைகிற இடம் மட்டும் அச்சாக அதே இடம். அங்கேதான் நானும் நிதானிக்கிறேன் போலிருக்கிறது.

அப்பாவிடம் வலது கைப் படம் ஒன்றைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலால் சேலை மடிப்பின் நுனியைத் தொட்டார். தொட்டதில் திரை நகர்ந்துவிட்டது. மறுபடி சரிசெய்து கொடுத்தேன்.

"இங்க உருட்டியிருக்க" என்றார்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. காவிரிப் படித்துறையில் நிற்க இடமில்லை. அம்மா காப்பரிசி கிண்டியிருந்தார். வாழை இலையில் மஞ்சள் பிள்ளையார், காதோலை கருகமணி, பூ. தாலிக்கயிறு மாற்றிக்கொள்ளும் பெண்கள் ஒரு பக்கம், முளைப்பாரியோடு வந்தவர்கள் ஒரு பக்கம். சின்னப் பையன்கள் சப்பரம் இழுத்துக்கொண்டு காலுக்குள் புகுந்து போனார்கள்.

மூன்று படத்தில் இரண்டு முடிந்துவிட்டது. ஏழு தடவை வருகிற பெண், வரப்பில் கஞ்சி குடிக்கும் காட்சி. மூன்றாவது, வாய்க்காலில் முதல் தண்ணீர் வரும் காட்சி. நுரையும் சருகும் முன்னால் வர, பின்னால் குழந்தைகள் ஓடி வருகிறார்கள். ஆட்கள் சரி. தண்ணீர்தான் நிற்கவில்லை. நீலம் போட்டால் பொய்யாக இருக்கிறது, பழுப்பு போட்டால் அழுக்காகத் தெரிகிறது. இன்று படித்துறையில் தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தேன். மணிக்கட்டு வரை கை தெரிந்தது, விரல் தெரியவில்லை. டீயில் பால் சேர்ந்த நிறம், மேலே மட்டும் வானம்.

இரண்டு வண்ணம், இரண்டு லேயர். அடியில் வண்டல், மேலே வெளிறிய சட்டை நீலம். இப்போது இரவு பதினொன்றரை. நாளை காலைக்குள் அனுப்ப வேண்டும். காப்பரிசி ஒரு கிண்ணம் பக்கத்தில் இருக்கிறது, உட்காருகிறேன்.