அம்மாவின் அடக்கத்துக்கு முன்பணம் கட்டிய அனுபவம்

அம்மாவை நர்ஸிங் ஹோமில் (முதியோர் பராமரிப்பு இல்லத்தில்) சேர்த்த மூன்றாவது வாரம், அங்கிருந்த சோஷியல் ஒர்க்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடக்கச் செலவுக்கு ஏதாவது ஏற்பாடு செய்திருக்கிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். மெடிகெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவ உதவி, கிடைக்க வேண்டுமென்றால் அம்மா பெயரில் இருக்கும் சேமிப்பு ஒரு வரம்பைத் தாண்டக் கூடாது. ஆனால் தன் அடக்கத்துக்கென்று, திரும்ப எடுக்க முடியாதபடி கட்டி வைத்த பணத்தை அதில் சேர்க்க மாட்டார்கள். இங்கே நியூயார்க் மாநிலத்தில் இதை 'ப்ரீ-நீட்' என்கிறார்கள்.

எங்களுக்குப் பாளையங்கோட்டை. இப்போது குவீன்ஸில் இருக்கிறோம். அப்பா இறந்தபோது எதையும் விசாரிக்கத் தெம்பில்லாமல், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டோம். பெட்டி என்ன விலை என்பதே பில் வந்த பிறகுதான் தெரிந்தது. அம்மா விஷயத்தில் அப்படி விடக் கூடாது என்று இருந்தேன்.

முதலில் போன ஃபியூனரல் ஹோமில், அதாவது அடக்க வேலைகளை எடுத்து நடத்தும் நிறுவனத்தில், மரியாதையாகத்தான் பேசினார்கள். ஆனால் விலைப்பட்டியல் கேட்டதும், "முதலில் என்ன மாதிரி ஆராதனை என்று முடிவு செய்வோம், அப்புறம் விலை பேசலாம்" என்றார்கள். மொத்தமாக ஒரு தொகையைச் சொல்லி, அன்றைக்கே செக் கொடுத்தால் நல்லது, ஒப்பந்தத்தைத் தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். எழுந்து வந்துவிட்டேன். நேரில் போய் விலை விசாரிக்கும் யாருக்கும் பொது விலைப்பட்டியலைக் கையில் கொடுத்தே ஆக வேண்டும். 1984 முதல் நடைமுறையில் இருக்கும் அமெரிக்க மத்திய அரசின் ஃபியூனரல் விதி அது. முன்கூட்டியே திட்டமிட வருபவர்களுக்கும் அது பொருந்தும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். பெட்டியை வெளியே வாங்கி வந்தால் அதற்காகத் தனிக் கட்டணம் வசூலிக்கக் கூடாது. அப்பா சமயத்தில் இதில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது.

இரண்டாவது இடத்தில், உட்கார்ந்ததுமே பட்டியலைக் கொடுத்தார்கள். நர்ஸிங் ஹோமுக்குக் கொண்டுபோய் அம்மாவின் கட்டிலோரம் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். அம்மாவுக்குக் கண் மங்கல், புத்தி தெளிவு. "உடம்பைப் பதப்படுத்துவது" என்ற வரி வந்ததும், "அது கட்டாயமா பிள்ள?" என்றார். இல்லை அம்மா, சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்றேன். "அப்ப வேண்டாம், அடிச்சிரு." குழிக்குள் வைக்கும் கான்கிரீட் உறையைச் சட்டம் கேட்பதில்லை, ஆனால் கல்லறைத் தோட்டம் கேட்கலாம். போன் பண்ணினேன், எங்கள் தோட்டத்தில் அது வேண்டும் என்றார்கள். அதை விட்டுவைத்தோம். பெட்டிகளில் அம்மா கடைசிக்கு முந்தின விலையில் இருந்ததைக் காட்டினார். "உங்க அப்பாவுக்கு எடுத்ததைவிட ஒசத்தியா இருந்துரக் கூடாது." அதற்கு மேல் கொஞ்ச நேரம் என்னால் படிக்க முடியவில்லை.

நான் கேட்ட முக்கியமான கேள்வி, பணம் எங்கே இருக்கும் என்பது. நியூயார்க் சட்டம் இதில் கறாரானது. கொடுக்கும் பணம் முழுவதையும் 10 வேலை நாட்களுக்குள் அரசு காப்பீடு உள்ள வங்கியில், வட்டி தரும் கணக்கில் போட்டுவிட வேண்டும். வட்டியும் அந்தக் கணக்கிலேயே சேரும். எந்த வங்கி என்று நமக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். மெடிகெய்ட் இல்லாத சாதாரண ஆள் என்றால் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்து வட்டியோடு முழுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளலாம். ஹூஸ்டனில் இருக்கும் என் சித்தி மகளிடம் சொன்னபோது ஆச்சரியப்பட்டாள். டெக்சாஸில் விற்பவர் 10 சதவீதம் வரை தனக்கென்று எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் கொடுக்கிறது. மிசௌரியின் நேஷனல் ப்ரீஅரேஞ்ட் சர்வீசஸ் என்ற, அடக்கத்துக்கு முன்பணம் வாங்கும் நிறுவனம் 2008-இல் கவிழ்ந்தபோது பல மாநிலங்களில் சாதாரண மக்கள் இப்படிக் கட்டி வைத்த பணம்தான் சிக்கியது. நிர்வாகிகள் சிறைக்குப் போனார்கள். அதைப் படித்ததிலிருந்து வங்கிக் கடிதம் வரும்வரை எனக்கு நிம்மதியில்லை. மூன்றாவது வாரம் வந்தது.

அம்மாவின் கணக்கு திரும்ப எடுக்க முடியாத வகை. அதற்காக அந்த ஃபியூனரல் ஹோமுக்கே கட்டுப்பட்டவர்கள் ஆகிவிட மாட்டோம். ஏற்பாட்டை மாற்றலாம், பணத்தை வேறொரு ஃபியூனரல் ஹோமுக்கும் மாற்றலாம். எல்லாச் செலவும் போக மிச்சம் இருந்தால் கவுண்டிக்கு (மாவட்ட நிர்வாகத்துக்கு) போகும், வாரிசுகளுக்கு வராது. ஒப்பந்தத்திலேயே இதெல்லாம் எழுதியிருக்கிறது. விலை உறுதி செய்யப்பட்டதா இல்லையா என்பதையும் அதில்தான் பார்க்க வேண்டும். எங்களுடையதில் ஃபியூனரல் ஹோம் செய்யும் வேலைகளுக்கு மட்டும் உறுதி. குழி தோண்டும் கட்டணம், பாஸ்டர் காணிக்கை, இறப்புச் சான்றிதழ் எல்லாம் அன்றைய விலைதான்.

கல்லறை தனிக் கதை. நியூயார்க்கில் கல்லறைத் தோட்டமும் ஃபியூனரல் ஹோமும் ஒரே கையில் இருக்கக் கூடாது. ஃபியூனரல் ஹோமை மாநிலச் சுகாதாரத் துறை பார்க்கிறது, தோட்டத்தை மாநிலக் கல்லறை வாரியம் பார்க்கிறது. சபைகளும் ஊராட்சிகளும் நடத்தும் தோட்டங்கள் வாரியத்தின் கீழ் வராது. எங்களுடையது வாரியத்தின் கீழ் வருவது. 2001-இல் என் தம்பி தன் பெயரில் இரண்டு இடம் வாங்கிப் போட்டிருந்தான், ஒன்று 1,200 டாலர். இப்போது ஆஸ்திரேலியாவிலேயே தங்கிவிட்டான். விற்கலாம் என்று பார்த்தால், வெளியாளுக்கு விற்பதற்கு முன் தோட்டத்துக்கே முதலில் கேட்க வேண்டும், வாங்கிய விலையோடு ஆண்டுக்கு 4 சதவீதத் தனி வட்டி சேர்த்து. 2023-இல் கணக்குப் போட்டால் ஒன்றுக்கு 2,256 டாலர். தோட்டமே எடுத்துக்கொண்டது. மூலப் பத்திரம் தம்பியிடம் இருந்ததால்தான் வேலை சுலபமாக முடிந்தது. அது இல்லாதவர்கள் நிறைய அலைய வேண்டியிருக்கும்.

மே மாதம் அம்மாவைச் சக்கர நாற்காலி வேனில் அப்பாவின் கல்லறைக்குக் கூட்டிப்போனோம். பத்திரத்தில் இருந்த எண்ணும் இடமும் சரியாக இருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா பெயருக்குப் பக்கத்தில் பாதி வெறுமையாக விட்டிருக்கிறது. "என் பேரை வெட்டுறதுக்குப் பணம் கட்டியாச்சா?" என்றார்.

அது ஒப்பந்தத்தில் இல்லை. கல் வேலைக்காரரிடம் தனியாகப் பேச வேண்டியது. மறுநாள் போன் பண்ணினேன். அம்மா பெயரைத் தமிழிலும் வெட்ட முடியுமா என்று கேட்டேன். எழுத்தைத் தெளிவாக வரைந்து அனுப்பினால் வெட்டித் தருகிறோம் என்றார்கள். அம்மாவே ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருக்கிறார்.