தூக்கில் தொங்கிய பாஸ்போர்ட்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை சென்னையை மூழ்கடித்த திங்கள்கிழமை. அன்று இரவு எனக்குத் தம்மாமுக்கு விமானம். சவூதியில் வேலை பார்ப்பவர்களுக்கு எக்ஸிட் ரீஎன்ட்ரி என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: விடுமுறையில் ஊருக்குப் போய்வர நிறுவனம் எடுத்துத் தரும் அனுமதி அது. அதில் போட்டிருக்கும் தேதிக்குள் திரும்பிப் போய்ச் சேராவிட்டால் வேலைக்கு ஆபத்து. மறுபடி அந்த நாட்டுக்குள் நுழைவதும் அப்போது பெரும் சிக்கல். என் தேதி டிசம்பர் 8. நான்கு நாள் மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன்.

வீடு வடசென்னையில், வியாசர்பாடி எம்.கே.பி. நகரில். கீழே ஒரு பகுதி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒற்றை அறை. அம்மா கீழே தனியாக இருக்கிறார். நான் பதினோரு வருடமாகத் தம்மாமில் ஏசி மெக்கானிக். வருடத்துக்கு ஒரு மாதம் வந்துபோகிறவனுக்குச் சொந்தத் தெருவைப் பற்றி என்ன தெரியும் என்பது அந்த வாரம்தான் எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமையிலிருந்தே கைப்பேசியில் வானிலைப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் எங்கே இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் நகர்கிறது, எல்லாம் மனப்பாடம். அம்மா அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீர் போகும் ஓட்டையைப் பார்த்துவிட்டு வந்தார். ஒரு குடம் தண்ணீரை ஊற்றி அது எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பாராம். "மெதுவாக இறங்குகிறது. கால்வாய் இப்போதே நிறைந்திருக்கிறது" என்றார். அப்போது ஊரில் பெரிய மழையே இல்லை.

அதன் காரணத்தை எதிர்வீட்டு ஆயா எனக்கு விளக்கினார். எங்கள் பக்கத்துத் தண்ணீர் கேப்டன் காட்டன் கால்வாயில் விழுந்து, பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து, வடக்கே எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். புயல் நேரத்தில் கடல் பொங்கி நிற்கும்போது முகத்துவாரம் தண்ணீரை வாங்காது. பின்னால் வருகிற தண்ணீருக்குப் போக இடமில்லை. வந்த வழியே திரும்பி, சாக்கடைக் குழாய் வழியாக வீட்டுக்குள் வரும். அதனால்தான் எங்கள் தெருவில் மழை விட்ட பிறகும் தண்ணீர் ஏறும். வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டு வாசலையே காவல் காப்பவன் ஏமாந்துபோவான். வெள்ளம் கொல்லைப்புறமாக வரும்.

சனிக்கிழமை விமான நிறுவனத்துக்கு போன் செய்தேன். நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒரு பெண் பேசினார். ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் இடம் இருக்கிறது. ஆனால் என் விமானம் இன்னும் ரத்தாகாததால் தேதி மாற்றக் கட்டணம் கட்ட வேண்டும் என்றார். ரூபாய்க் கணக்கில் பதினோராயிரத்துச் சொச்சம். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இந்த அனுபவத்தில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். திங்கள்கிழமை அரசு விடுமுறை என்று அறிவித்தாகிவிட்டது. பள்ளிப் பிள்ளைக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை.

உருப்படியாகச் செய்த காரியம் ஒன்று உண்டு. அன்றைக்கே தம்மாம் அலுவலக முதீருக்கு, அதாவது மேலாளருக்கு, என் பாஸ்போர்ட் நகல், இக்காமா என்கிற வசிப்பு அட்டையின் எண், டிக்கெட் மூன்றையும் அனுப்பி, "புயல் வருகிறது, திங்கள் முதல் என் போன் வேலை செய்யாமல் போகலாம், விமானம் ரத்தானால் என்னைக் கேட்காமலே ரீஎன்ட்ரியை நீட்டித்துவிடுங்கள்" என்று எழுதினேன். ஆள் வெளிநாட்டில் இருக்கும்போதே நிறுவனம் அதை இணையத்தில் நீட்டிக்க முடியும். ஆனால் தேதி முடியும் முன் யாராவது சொல்ல வேண்டும் அல்லவா?

இந்த முன்யோசனை 2015 வெள்ளம் தந்தது. அந்த டிசம்பரில் நான் தம்மாமில் இருந்தேன். வீட்டு போன் நான்கு நாள் கிடைக்கவில்லை. சென்னை விமான நிலையத்தை மூடிவிட்டார்கள், அரக்கோணம் கடற்படைத் தளத்திலிருந்து விமானம் விடுகிறார்கள் என்று செய்தியில் பார்த்தோம். அறையில் இருந்த கடலூர்க்காரரும் நானும் மாற்றி மாற்றி எண்ணை அழுத்திக்கொண்டே இருந்தோம். கைப்பேசிக் கோபுரம் செத்துப்போனால் உலகத்தின் எந்த மூலையிலிருந்து அழைத்தாலும் ஒன்றுதான். அந்த வெள்ளத்தில் பாஸ்போர்ட்டைப் பறிகொடுத்தவர்களுக்குக் கட்டணமில்லாமல் புதிதாகத் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. நல்ல காரியம்தான். ஆனால் புது பாஸ்போர்ட்டில் பழைய விசா ஒட்டிக்கொண்டு வராது.

ஞாயிறு காலை பாஸ்போர்ட்டை பீரோவில் மேல் தட்டில் வைத்தேன். அம்மா எடுத்து வெளியே போட்டார். "முதலில் சாய்வது பீரோதான்." 2015இல் அது மிதந்து, கதவு அழுந்தி, திறக்க முடியாமல் போயிருக்கிறது. இட்லி மாவு வாங்கிவரும் எவர்சில்வர் தூக்கைக் கழுவித் துடைத்தார். பாஸ்போர்ட், இக்காமா, வீட்டுப் பத்திரத்தின் நகல், குடும்ப அட்டை, தன் சர்க்கரை மாத்திரை, எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் வைத்து, மூடியை அழுத்தி, துண்டால் குறுக்கும் நெடுக்கும் கட்டினார். மேல் அறையில் மின்விசிறி மாட்டாமல் விட்டிருந்த கொக்கியில் தொங்கவிட்டார். வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்தால் பாஸ்போர்ட் இருந்து என்ன பயன் என்பது அவர் கணக்கு.

மதியம் மாநகராட்சியின் ஆட்டோ ஒன்று ஒலிபெருக்கியில் எச்சரித்துக்கொண்டே போனது. எங்கள் வீட்டுக்கு நேரெதிரே, தெருமட்டத்துக்கும் கீழே இருக்கும் அறையில் ஒடிசாவைச் சேர்ந்த ஆறு பேர் வாடகைக்கு இருந்தார்கள். மாதவரம் பக்கம் ஒரு கிடங்கில் சுமை ஏற்றும் வேலை. ஆட்டோ அவர்கள் வாசலைத் தாண்டிப் போனபோது ஒருவர் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார், மறுபடி துவைத்தார். தம்மாமில் போய் இறங்கிய வருடம் முகாம் சுவரில் ஒட்டியிருந்த அரபு அறிவிப்பை நானும் அப்படித்தான் பார்த்துவிட்டுப் போனேன். அன்றைக்குத் தண்ணீர் நிறுத்தம் என்பது சோப்புப் போட்ட பிறகுதான் தெரிந்தது.

தெருவைக் கடந்து போய் இந்தியில் சொன்னேன். நான் பேசுவது வளைகுடா இந்தி. பாகிஸ்தான், வங்கதேசம், நேபாளம் எல்லாம் கலந்தது, இலக்கணம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனாலும் புரிந்தது. 1913 என்ற மாநகராட்சி எண்ணை அவர்கள் கைப்பேசிகளில் ஏற்றிக் கொடுத்தேன். மாநகராட்சிப் பள்ளியில் முகாம் போடுவார்கள் என்றேன். அதற்குள் அம்மா வாசலில் நின்றுகொண்டு, "பள்ளிக்கூடம் எதற்கு? மேலே வரச் சொல். ஃப்ரிட்ஜைத் தூக்க ஆள் வேண்டாமா?" என்றார்.

ஃப்ரிட்ஜைப் படுக்கவைத்துத் தூக்கப் பார்த்தார்கள். என் தொழில் விழித்துக்கொண்டது. படுக்கவைத்தால் கம்ப்ரஸரில் இருக்கும் ஆயில் குழாய்க்குள் ஏறிவிடும். நிமிர்த்திய உடனே ஓட்டினால் போச்சு. நின்ற வாக்கிலேயே, கயிறு கட்டி, குறுகலான படியில் மூன்று பேர் மேலே, மூன்று பேர் கீழே. பிறகு கேஸ் சிலிண்டர், அரிசி, தையல் மிஷின். குளியலறை ஓட்டையில் பழைய புடவையைச் சுருட்டி அடைத்து, அதன் மேல் அம்மிக்கல்லை வைத்தோம். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு மேலே போனோம்.

அன்று இரவு தொடங்கிய மழை திங்கள் முழுதும் கொட்டியது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். விமான நிலையத்தை மூடினார்கள். பேசின்பிரிட்ஜுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவே இருக்கும் 14ஆம் எண் பாலத்தில் வெள்ளம் அபாய அளவைத் தாண்டியதால் சென்ட்ரலிலிருந்து ரயில்களும் நின்றன. எங்களுக்கு எல்லாம் பிறகுதான் தெரிந்தது. கேட்டது மழைச் சத்தமும், நடுராத்திரியில் கீழேயிருந்து வந்த ஒரு 'களுக்' சத்தமும்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். அம்மிக்கல் அசையவில்லை. கழிவறைப் பீங்கானிலிருந்து கறுப்புத் தண்ணீர் குமிழிவிட்டு வந்துகொண்டிருந்தது. அதை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை. விடியும்போது வீட்டுக்குள் முழங்கால், தெருவில் தொடை.

புழல் ஏரி உடைந்துவிட்டது என்று ஒரு குரல் பதிவு திங்கள் மதியம், கோபுரம் சாவதற்குச் சற்று முன், தெருக் குழுவில் வந்தது. மேல் அறையில் ஒரே கூச்சல். ஆயா தன் மாடியிலிருந்து கத்தினார்: "புழல் திறந்தால் தண்ணீர் வடகரை, வடபெரும்பாக்கம், மணலி வழியாகச் சடையான்குப்பம் போய்க் கடலில் விழும். நம் பக்கம் ஏன் வருகிறது?" அந்த ஊர்ப் பெயர்களை நான் ஒவ்வொரு வருடமும் உபரிநீர் எச்சரிக்கையில் படித்திருக்கிறேன். அதை ஒரு வழித்தடமாக எண்ணிப் பார்த்ததில்லை.

மூன்று இரவு எட்டுப் பேர் ஒரே அறையில். எலுமிச்சைச் சாதம் முதல் நாளோடு தீர்ந்தது. ஒடிசாக்காரர்களிடம் ஒரு மூட்டைப் பொரி இருந்தது. அதில் வெங்காயம், பச்சை மிளகாய், கடுகு எண்ணெய் விட்டுப் பிசைந்து கொடுத்தார்கள். அம்மா முதல் கையை மூக்கைச் சுளித்துக்கொண்டு வாயில் போட்டார். மூன்றாவது கைக்குத் தானே நீட்டினார்.

புதன் காலை ஒருவருடைய போனில் சிக்னல் வந்தது. விமான நிலையம் செவ்வாயே திறந்தாகிவிட்டது. என் டிக்கெட்டைக் கட்டணமில்லாமல் வியாழனுக்கு மாற்றியிருந்தார்கள். முதீர் ரீஎன்ட்ரியை ஒரு மாதம் நீட்டித்து, கூடவே ஒரு கட்டைவிரல் படமும் அனுப்பியிருந்தார். வங்கியில் பணம் இருந்தது. பையில் முந்நூறு ரூபாயும் கொஞ்சம் ரியாலும். ஏடிஎம் எதுவும் வேலை செய்யவில்லை. மீன்பாடி வண்டிக்காரர் வள்ளலார் நகர் வரை எழுநூறு கேட்டார். மிச்சத்தை ஒடிசாத் தம்பிகள் போட்டார்கள். பெட்டியையும் என்னையும் வண்டியில் ஏற்றி, தண்ணீர் ஆழமான இடம் தாண்டும்வரை இருவர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கிருந்து நடந்து வண்ணாரப்பேட்டை மெட்ரோ. படியிறங்கிப் போனால் ஈரம் காயாத எங்கள் ஊருக்குச் சம்பந்தமே இல்லாத வெளிச்சம். ஏறி உட்கார்ந்தால் நேராக விமான நிலையம். ஞாயிற்றுக்கிழமையே இதைச் செய்திருக்கலாம். திரிசூலம் பக்கம் ஒரு லாட்ஜில் அன்று இரவு தங்கினேன்.

எர்ணாவூரில் இருக்கும் அக்காவுடன் அங்கிருந்துதான் பேச முடிந்தது. அவர்கள் வீட்டுக்குள் வந்த தண்ணீரோடு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெயும் வந்திருந்தது. சுவரில் இடுப்பளவுக்குக் கறுப்புக் கோடு, தேய்த்தாலும் போகவில்லை என்றார். நான் என் ரீஎன்ட்ரிக் கதையைச் சொல்லாமல் வைத்துவிட்டேன்.

விமான நிலையச் சோதனையில் கைப்பையை நிறுத்தினார்கள். உள்ளே தூக்கு. அவசரத்தில் அப்படியே எடுத்துவந்திருந்தேன். அதிகாரி மூடியைத் திறந்து, முகர்ந்து பார்த்து, மூடிக் கொடுத்தார்.

தம்மாமில் இறங்கிய மறுநாள் எதிர் அறைத் தம்பியிடமிருந்து ஒரு குரல் பதிவு. தண்ணீர் வடிந்துவிட்டது, வீட்டைக் கழுவியாயிற்று, ஃப்ரிட்ஜை நின்ற வாக்கிலேயே இறக்கி, நீங்கள் சொன்னபடி ஆறு மணி நேரம் காத்திருந்து போட்டோம், ஓடுகிறது என்றார். பின்னணியில் அம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "மாத்திரை இல்லாமல் நான் என்ன செய்வது? தூக்கோடு எடுத்துக்கொண்டு போய்விட்டான் என்று சொல்."