டீகோடருக்கு ஆவணம் எழுதும் நாட்கள்

மார்ச் 3

சீபோர் (CBOR, தரவைக் கச்சிதமான பைட்டுகளாக அடுக்கும் ஒரு வடிவம்) டீகோடர் லைப்ரரிக்கு ஆவணம் எழுதும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. கோடு தயார், டெஸ்ட் எல்லாம் பச்சை. ஆவணம் என்று இருப்பது ஃபங்ஷனுக்கு ஒரு வரி: "பைட்டுகளை வாங்கி மதிப்பைத் தரும்." அதுதான் பெயரிலேயே தெரிகிறதே! கெட்டுப்போன பைட்டுகள் வந்தால் என்ன ஆகும் என்று மூச்சு விடவில்லை. டீகோடரைத் தேடி வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

மார்ச் 4

முதல் பக்கத்துக்கு உதாரணம் கிடைத்துவிட்டது: 18 64, ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்). முதல் பைட்டின் மேல் மூன்று பிட்டும் பூஜ்யம். கழித்தல் குறி இல்லாத முழு எண் என்று அர்த்தம். கீழ் ஐந்து பிட்டில் 24 இருக்கிறது. அது மதிப்பு இல்லை, மதிப்பு அடுத்த பைட்டில் இருக்கிறது என்பதற்கான குறி. அடுத்தது 64, நம் கணக்கில் 100. அவ்வளவுதான்.

இதே 64 தலைப் பைட்டாக வந்தால்? மேல் மூன்று பிட்டில் 3, கீழ் ஐந்தில் 4. அதாவது நான்கு பைட் நீளமுள்ள டெக்ஸ்ட். ஒரே ஒரு பைட் தள்ளிப் படிக்க ஆரம்பித்தால் 100 காணாமல் போய், பின்னால் வரும் நான்கு பைட்டும் டெக்ஸ்டாகிவிடும். சில சமயம் பிழைகூட வராது. வந்தாலும் தப்பு நடந்த இடம் ஒன்று, பிழை காட்டும் இடம் வேறு. நம் லைப்ரரி பிழையோடு பைட் இருப்பிடத்தையும் தருகிறது. நல்ல வசதி, ஆனால் யாருக்கும் தெரியாது. அதை இரண்டாவது பத்திக்கு ஏற்றினேன்.

மார்ச் 6

"நீளம்" என்று இருந்த இடத்தில் எல்லாம் "பைட் நீளம்" என்று மாற்றினேன். 'அ' ஓர் எழுத்துதான். எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் அது மூன்று பைட், அதனால் தலைப் பைட் 63.

மார்ச் 9

இன்று வரம்புகள். ஐந்தே பைட்டில், "பின்னால் 429 கோடி உறுப்புகள் வருகின்றன" என்று ஓர் அரே (உறுப்புகளின் வரிசை) சொல்லிக்கொள்ளலாம். அதை நம்பி முன்கூட்டியே இடம் ஒதுக்கினால் மெமரி காலி. 81 என்பது ஓர் உறுப்பு உள்ள அரே. 81 81 81 என்று அடுக்கிக்கொண்டே போனால் பைட்டுக்கு ஒரு நிலை ஆழம். ரிகர்ஷனில் (ஃபங்ஷன் தன்னையே அழைக்கும் முறையில்) எழுதிய டீகோடராக இருந்தால், அந்த அழைப்புகளை வைத்திருக்கும் ஸ்டாக் மெமரி தாங்காது.

நம்மிடம் ஆழ வரம்பு 128. ஏன் 128 என்று லைப்ரரியை எழுதியவரிடம் கேட்டேன். "சும்மா ஒரு எண் வேணுமே, வச்சேன்" என்றார். சரி, ஆவணத்தில் அதையே கௌரவமாக எழுதினேன்: தரநிலை சொல்லும் எண் அல்ல, தேவைப்பட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

மார்ச் 10

நிறுவும் முறை. இரண்டு வரி.

மார்ச் 12

05, 18 05, 19 00 05. மூன்றும் 5தான். டீகோடர் மூன்றையும் ஏற்கும்; திரும்ப என்கோடு செய்தால் (பைட்டுகளாக்கினால்) 05 மட்டுமே வரும். டிஜிட்டல் கையொப்பம் சரிபார்க்கிறவர்கள் டீகோடு செய்து, மறுபடி என்கோடு செய்து, அதன்மேல் சரிபார்த்தால் நியாயமான தரவும் தோற்றுப்போகும். வந்த பைட்டுகளை அப்படியே வைத்துச் சரிபார்க்கவும் என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

அப்புறம் மேப்பில் (கீ-மதிப்பு ஜோடிகளின் தொகுப்பில்) ஒரே கீ இரண்டு முறை வருவது. சீபோரின் தரநிலையான ஆர்எஃப்சி 8949 (2020) படி அது அமைப்பில் சரி, ஆனால் செல்லாத தரவு. நம் லைப்ரரி கடைசி மதிப்பை எடுத்துக்கொள்கிறது. முன்னால் அனுமதி பார்க்கும் இன்னொரு புரோகிராம் முதல் மதிப்பை எடுத்தால்? அது ஒன்றை அனுமதிக்கும், நாம் வேறொன்றைச் செய்வோம். இதைக் குறிப்பு என்று அடியில் தள்ள எனக்கு மனமில்லை.

மார்ச் 16

ஆவணத்தில் உள்ள ஹெக்ஸ் உதாரணங்கள் இனி டெஸ்டோடு சேர்ந்து ஓடும். இரட்டைக் கீயைப் பிழையாக்கும் ஸ்ட்ரிக்ட் மோடை அடுத்த பெரிய வெளியீட்டில் இயல்பாக்க எழுதியவர் ஒத்துக்கொண்டார். அதுவரை எச்சரிக்கைப் பத்தி பக்கத்தின் உச்சியிலேயே இருக்கும்.