மடக்குக் கத்தியை முதுகுப் பக்கம் திருப்பிப் பாருங்கள்

பேனாக்கத்தி வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பிடியைப் பார்த்தே விழுந்துவிடுகிறார்கள். சாயம் ஏற்றிய மாட்டெலும்பு, கருங்காலி, முத்துச்சிப்பி என்று படத்தில் எடுப்பாகத் தெரிவது அதுதான். ஆனால் கத்தியின் யோக்கியதை தெரியும் இடம் முதுகு. கத்தியை மடக்கி, பிடியின் முதுகுப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நடுவில் ஓடும் உருக்குப் பட்டைதான் ஸ்பிரிங். அதன் இரு பக்கமும் பெரும்பாலும் பித்தளைத் தகடு இருக்கும். பட்டைக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தெரிந்தால், அவசரத்தில் சேர்த்து ஆணி அடித்த கத்தி அது. பிடி எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு நகரலாம்.

இங்கே சொல்வதெல்லாம் முக்கியமாக ஸ்லிப்ஜாயின்ட் வகைக்கு. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், அமெரிக்காவின் பென்சில்வேனியா ஆகிய ஊர்ப்பட்டறைகள் பெயர் வாங்கிய, பூட்டு இல்லாத பழைய மடக்குக் கத்தி. இறகுப் பேனாவைச் சீவ வைத்திருந்த சின்னக் கத்திதான் பேனாக்கத்தி. ஓலையில் எழுதிய நம்மவர்களிடமும் இதற்கு ஒரு பங்காளி உண்டு: ஒரு பக்கம் எழுத்தாணியும் மறுபக்கம் ஓலை வாரும் கத்தியுமாக ஒரே பிடிக்குள் மடங்கும் மடக்கெழுத்தாணி.

ஸ்லிப்ஜாயின்டில் அலகைத் திறந்த நிலையில் நிறுத்துவது ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே. ஒற்றை அலகுக் கத்தியில் ஸ்பிரிங் நடுவிலும் வால்பக்கமும் ஆணியால் பிடிக்கப்பட்டிருக்கும். மற்ற நுனி அலகின் அடிக்கட்டையை அழுத்திக்கொண்டே இருக்கும். இரு முனையிலும் அலகு உள்ள கத்தியில் நடு ஆணி மட்டும்தான். இரண்டு நுனியும் வேலை செய்யும். அந்த அடிக்கட்டையை டேங் என்பார்கள். டேங்கைச் சதுரமாக அரத்தால் ராவியிருந்தால், மடக்கும்போது 90 டிகிரியில் ஒரு முறை நின்று பிறகுதான் மூடும். அதற்கு அரை நிறுத்தம் என்று பெயர். உருண்டையாக ராவியிருந்தால் நிற்காமல் ஓடி மூடும். இரண்டும் சரியான வேலைதான். ஆனால் புதிதாகப் பழகுகிறவருக்கு அரை நிறுத்தம் நல்லது. விரல் தப்ப ஒரு நொடி கிடைக்கும்.

கையில் எடுத்ததும் செய்ய வேண்டிய சோதனை ஒரு நிமிஷ வேலை. திறந்து, பாதி, மூடி என்று மூன்று நிலையிலும் பிடியின் முதுகில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுங்கள். ஸ்பிரிங் தகட்டோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். பாதி நிலையில் கொஞ்சம் மேலே எழும்பி நிற்பதை விலை குறைந்த கத்தியில் மன்னிக்கலாம். திறந்த நிலையில் மேடு பள்ளம் இருந்தால் மன்னிக்கக் கூடாது. அடுத்து அலகைத் திறந்து நுனியைப் பிடித்து இடவலமாக அசையுங்கள், பிறகு மேலும் கீழும். இந்த இரண்டு ஆட்டத்தையும் ஒன்றாக நினைப்பதுதான் பெரிய தவறு. இடவல ஆட்டம் சுழலாணி தளர்ந்ததால் வருவது, சரிசெய்யலாம். மேல்கீழ் ஆட்டம் என்றால் டேங்கோ ஸ்பிரிங்கோ தேய்ந்திருக்கிறது. வீட்டில் அதற்கு மருந்து இல்லை.

இடவல ஆட்டத்துக்கு வைத்தியம் இது. முதலில் மூட்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, இருபது முறை திறந்து மூடி அழுக்கை வெளியேற்றுங்கள். பல சமயம் அழுக்குதான் தளர்வை மறைத்துக்கொண்டிருக்கும். பிறகு கழுத்துப்பகுதி உலோகத்தை, அதாவது போல்ஸ்டரை, வழவழப்பான இரும்புக் கட்டைமேல் வைத்து, உருண்டைத் தலைச் சின்னச் சுத்தியால் சுழலாணியின் தலைமேல் மெல்லத் தட்ட வேண்டும். இரண்டு தட்டு, ஒரு சோதனை. மறுபடி இரண்டு தட்டு. நாலு தட்டு சேர்த்துப் போட்டால் அலகு இறுகி, நகம் பெயர்ந்தாலும் திறக்காது. ஆணி எங்கே என்று தேட வேண்டியதில்லை. புதுக் கத்தியில் அது போல்ஸ்டரோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாது. தளர்ந்த கத்தியில் பெரும்பாலும் மெல்லிய வட்டமாகத் தெரியும். போல்ஸ்டர் பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். பூஜைத் தட்டு விற்கும் கடையில் கேட்கிற அதே பெயர்தான். செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. வெள்ளி ஒரு குந்துமணிகூட இல்லை.

அதிகம் பேர் கவனிக்காமல் விடும் கோளாறு, மூடும்போது அலகின் வாய், அதாவது வெட்டும் விளிம்பு, ஸ்பிரிங்கில் இடிப்பது. டேங்கின் முன்பக்கம் ஒரு சின்ன முட்டு இருக்கும். மூடிய நிலையில் அலகின் பாரத்தைத் தாங்கி, கூரான வாய் ஸ்பிரிங்கைத் தொடாமல் காப்பது அதன் வேலை. நுனி பிடிக்கு வெளியே துருத்திக்கொண்டு சட்டைப்பையைக் கிழிக்கிறது என்று சிலர் இந்த முட்டுப் பகுதியை ராவிக் குறைப்பார்கள். இரண்டு இழுப்பு ராவினால் போதும். நாலைந்து இழுத்தால் நுனி உள்ளே போகும், கூடவே வாயும் ஸ்பிரிங்கில் போய் முட்டும். சோதிக்கப் பிடியின் குழிக்குள் ஒரு மெல்லிய காகிதத் துண்டை வைத்து அலகை மூடி எடுங்கள். காகிதத்தில் வெட்டு விழுந்தால் இடிக்கிறது. வெளிச்சத்தில் வாயைப் பார்த்தாலும் வயிற்றுப்பகுதியில் பொட்டு மாதிரி ஒரு மினுக்கல் தெரியும். மழுங்கிய இடம் அது. பிரான்சின் லாகியோல் கத்திகளை 'டக்'கென்று விட்டு மூடாமல், விரலால் தாங்கி இறக்கச் சொல்வது இதனால்தான்.

அலகைத் திறக்க நகத்தால் இழுக்கும் இழுப்பு எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும்? சேகரிப்பவர்கள் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுக்கொள்வார்கள். ஐந்து, ஆறு என்றால் சுகம். எட்டுக்கு மேல் போனால் நகம் உடையும். கெட்டியாக இருந்தால்தான் உசத்தி என்ற எண்ணம் வீண் ஜம்பம். திறக்கவும் மூடவும் தெளிவாக ஒரு 'டக்' கேட்க வேண்டும், அவ்வளவே. சத்தம் செத்துப்போன கத்தியில் ஸ்பிரிங் களைத்திருக்கும், அல்லது மூட்டில் எண்ணெய்ப் பிசின் அடைத்திருக்கும்.

பழைய கத்தி வாங்கும்போது விலையைத் தீர்மானிப்பது அலகில் மிச்சம் இருக்கும் உருக்கு. ஐம்பது வருஷம் சாணை பிடித்த அலகு ஒடுங்கிப்போயிருக்கும். மூடிப் பார்த்தால் நுனிக்கும் பிடியின் கடைசிக்கும் நடுவே வெற்றிடம் விழும், திறக்க நகம் வைக்கும் நகக்குழி வாய்க்கு மிக அருகில் வந்திருக்கும். அதே மாதிரிக் கத்தியின் முழு அலகுப் படத்தோடு ஒப்பிடாமல் காசு கொடுக்காதீர்கள். பாலிஷ் சக்கரத்தில் போட்டுப் பளபளப்பாக்கியதும் கெடுதிதான். டேங்கில் உள்ள முத்திரையின் எழுத்துகள் ஓரம் மழுங்கிக் கரைந்திருந்தால், துருக்குழிகளை மறைக்கத் தேய்த்திருக்கிறார்கள் என்று கணக்கு.

முத்திரை படிக்கத் தெரிந்தால் வயதைச் சொல்லிவிடலாம். அமெரிக்கா 1890இல் கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் எந்த நாட்டுச் சரக்கு என்று குறிக்கச் சொன்னது. ஆகவே ஷெஃபீல்டு கத்தியில் 'இங்லண்ட்' என்றும் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. மகுடத்துக்கு இருபுறமும் 'வி', 'ஆர்' இருந்தால் விக்டோரியா காலத்து முத்திரை, 1901 வரை. பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்டில் உள்ள கேஸ் (CASE) நிறுவனம் இன்னும் சௌகரியம் செய்து வைத்திருக்கிறது. 1970இல் முத்திரைக்குக் கீழே பத்துப் புள்ளிகள் வைத்தார்கள், வருஷத்துக்கு ஒன்றாகக் குறைத்தார்கள். ஏழு புள்ளி என்றால் 1973. 1980இல் மறுபடி பத்திலிருந்து தொடங்கினார்கள். ஆனால் அந்த வரிசையில் CASE என்ற பெயரின் எஸ் எழுத்து மின்னல் போல ஒடிந்திருக்கும். மாடல் எண்ணும் சும்மா போட்டதல்ல. 6318 என்றால் 6 எலும்புப் பிடி, 3 அலகு, 18 வடிவ எண். அது மூடிய நீளம் 3⅝ அங்குலமுள்ள ஸ்டாக்மேன் என்ற மூன்று அலகு வகை. 6254 என்றால் எலும்புப் பிடி, இரண்டு அலகு, 54 டிராப்பர் என்ற வடிவம். அதன் நீளம் 4⅛ அங்குலம், நம் சட்டைப்பைக்குக் கொஞ்சம் பெரியது. எண் மூன்று அலகு என்று சொல்லிக் கத்தியில் இரண்டு இருந்தால், யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

பிடியில் இரண்டு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஒன்று மான்கொம்பு. ஷெஃபீல்டும் ஸோலிங்கனும் விரும்பி வாங்கிய கொம்பு நம் கடமான் கொம்புதான். கன்னியாகுமரிப் பக்கம் மிளா என்பார்கள். இந்தியாவிலிருந்து அந்த ஏற்றுமதி 1990களின் கடைசியில் நின்றது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இருக்கும் நாட்டுக்குள் கடமான் கொம்பு, தந்தம், ஆமை ஓடு ஆகியவற்றில் பிடி போட்ட கத்தியைத் தபாலில் வரவழைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சாயம் போட்ட மாட்டெலும்பில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் எந்த எலும்பிலும் ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். எலும்பு உலர்ந்து சுருங்கும்போது முதலில் விடும் இடம் அது.

இன்னொன்று செல்லுலாய்டு. பழைய சினிமாச் சுருளும் இதே குடும்பம். இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதிக் கத்திகளில் ஆமையோட்டு நிறம், முத்து நிறம் என்று ஜாலமெல்லாம் காட்டும். வயதானால் அமில வாயு விடும். கற்பூர வாடையோ அமில நெடியோ கடுமையாக வந்தால், பித்தளைத் தகட்டில் பச்சை பூத்திருந்தால், சிதைவு தொடங்கிவிட்டது. ஒரே பெட்டியில் வைத்தால் பக்கத்துக் கத்திகளையும் துருப்பிடிக்க வைக்கும். தனியாக, காற்றோட்டமாக, அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத இடத்தில் வையுங்கள். எளிதில் தீப்பற்றும் பொருள் அது.

இவ்வளவும் வேண்டாம், தினம் மாம்பழம் நறுக்க ஒன்று போதும் என்பவர் பிரான்சின் ஒபினெல் எட்டாம் நம்பர் வாங்கலாம். எட்டரை சென்டிமீட்டர் அலகு, பீச் (beech) மரப் பிடி, 1955இலிருந்து கழுத்தில் பூட்டு வளையம். ஈரம் பட்டால் மரம் ஊதி அலகு சிக்கிக்கொள்ளும், ஐப்பசி மழையில் இது நிச்சயம். வளையத்தைத் திருப்பிப் பூட்டை விடுவித்து, பிடியின் வால்நுனியை மேஜைமேல் ஒரு தட்டு தட்டினால் அலகு கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கும். நிரந்தரத் தீர்வுக்கு, நன்றாக உலர்த்தி, உப்புத்தாளை மடித்துப் பிளவுக்குள் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசுங்கள்.

ஸ்லிப்ஜாயின்டே வேண்டுமென்றால் முதல் கத்தி ஒற்றை அலகாக இருக்கட்டும். மூன்று அலகில் ஒன்றோடொன்று உரசாமல் வளைத்துப் பொருத்துவது நுட்பமான வேலை, தவறும் அங்கேதான் அதிகம். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் வரிவரியான டமாஸ்கஸ் அலகுகளை இந்தப் பட்டியலில் சேர்க்கவே வேண்டாம். அவற்றில் அமிலத்தில் எடுத்த கோலம் நன்றாக இருக்கும், ஸ்பிரிங் சவசவ என்றிருக்கும். தபாலில் வாங்கினால் விற்பவரிடம் முதுகுப் படம் மூன்று நிலையிலும், டேங்கின் இரு பக்கமும், மூடிய நிலையில் நுனியும் கேளுங்கள். தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

கார்பன் உருக்கு அலகு கறுப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். அரிவாள்மனை வாழைக்காய் நறுக்கிக் கறுப்பது போலத்தான். சாம்பலும் நீலமுமாகப் படிவது காக்கும் படலம். செம்மண் நிறத்தில் பொடிப்பொடியாக வருவதுதான் துரு. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். தண்ணீர் இல்லாமல் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய அலகு நொடியில் சூடேறி வாயோரம் நீலம் பாயும். பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று, பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. 1000 கிரிட் சாணைக்கல்லில் பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி, பிசிறு எழும்வரை, பிறகு தோல்வாரில் பத்து இழுப்பு போதும். மூட்டுக்குத் தையல் மெஷின் எண்ணெய். பழம் வெட்டும் அலகுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின். சமையல் எண்ணெய் வேண்டாம், நாளானால் பிசினாகி மூட்டை அடைக்கும். தோலுறையில் போட்டு அலமாரியில் வைப்பதும் கூடாது. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அலகில் துருவும் பித்தளையில் பச்சையும் ஏறும். பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைக் கூடப் போட்டு, கடலோர ஊரென்றால் மாதம் ஒரு முறை எடுத்துத் துடைத்து வையுங்கள்.